வீட்டின் வெளிச்சுவரில் நெற்வேர்க் கேபிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்டது. பின்னர் பின்பக்கத்தில் குசினியும் ஓர் அறையும் சேர்த்துக் கட்டினோம். இணைய ரூட்டர் முன் விறாந்தையை ஒட்டிய அறையில் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகள் பின் அறையில் இருந்து இணையவழி வகுப்பில் சேர்ந்தால் வை-ஃபை விட்டுவிட்டு வருகிறது. வயறிங் வேலை செய்யும் தம்பி ஒருவர், சுவர்களை உடைக்காமல் வீட்டின் வெளிப்பக்கமாகவே கேபிளைக் கொண்டுபோய்ப் பின் அறையில் இறக்கலாம் என்று சொல்லி, சாம்பல் நிறக் கேபிள் 40 மீற்றர் வாங்கி வைத்திருக்கிறார். வெயிலிலும் மழையிலும் இது எத்தனை காலம் நிற்கும்? எவற்றைக் கவனிக்க வேண்டும் ஐயா?

— வாசகி ஒருவர், முள்ளியவளை

பதில்: வெளிப்பக்கமாகக் கொண்டுபோகலாம் என்று அந்தத் தம்பி சொன்னது நல்ல யோசனை. சீமெந்துக் கல்லால் கட்டிய இரண்டு மூன்று சுவர்களையும், இடையில் இறங்கும் தகரக் கூரையையும் கடந்து வரும் வை-ஃபை அலை பின் அறையை அடையும்போது நலிந்துவிடுகிறது. அதற்காக மேலும் மேலும் வலுக்கூடிய ரூட்டரைத் தேடி வாங்குவதைவிட, ஒரு கேபிளை இழுத்து, அதன் முனையில் மகளின் கணினியையோ அந்த அறையில் வை-ஃபையைப் பரப்பும் ‘அக்சஸ் பொயின்ற்’ என்ற சிறு பெட்டி ஒன்றையோ பொருத்துவது நெடுநாளைக்கு நிம்மதி தரும். இவ்வகைக் கேபிளுக்கு வகுக்கப்பட்ட உச்ச நீளம், இரு முனைகளிலும் செருகும் சிறிய வயர்களையும் சேர்த்து, 100 மீற்றர் ஆகும். உங்களுடையது 40 மீற்றர் என்பதால் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் தடுக்க விரும்புவது ஒன்றைத்தான்: வாங்கி வைத்திருக்கும் அந்தச் சாம்பல் நிறக் கேபிளை வெளிச்சுவரில் அடிக்க வேண்டாம். கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தராவிட்டால் வீட்டுக்குள் வேறொரு தேவைக்கு எடுத்து வையுங்கள்.

சாம்பல், வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் விற்கப்படும் கேபிள்களின் மேலுறை பெரும்பாலும் உட்புறப் பாவனைக்கென்று செய்த பி.வி.சி. ஆகும். வீட்டுக்குள் அது பல ஆண்டுகள் சேதமின்றிக் கிடக்கும். வெயில் படும் சுவரிலோ, சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த உறையைச் சிறிது சிறிதாகச் சிதைக்க, அதை இளக்கமாக வைத்திருந்த சேர்பொருளும் வெளியேறிவிட, உறை விறைத்து வெடிக்கத் தொடங்கும். வெளிப்புறத்துக்கென்று செய்யப்படும் கேபிளின் உறை பொலியெதிலீன் வகையைச் சேர்ந்தது. அதில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு வரை நுண்ணிய கரித்தூள் கலக்கப்பட்டிருக்கும். அந்தக் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தானே உறிஞ்சிக்கொண்டு உள்ளே போக விடாமல் காக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வீடுகளுக்கு வரும் தொலைபேசி வயர் கறுப்பாக இருப்பதும் இதனால்தான். எனினும் கறுப்பு நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கறுப்புச் சாயம் சேர்த்த சாதாரண உறைகளும் சந்தையில் உண்டு. உறையின் மேல் ‘அவுட்டோர்’ என்றோ, பொலியெதிலீனைக் குறிக்கும் ‘பி.ஈ.’ என்றோ அச்சிட்டிருப்பதை வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

இதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். மேற்குச் சுவரில் சாம்பல் நிறக் கேபிளை அடித்து மூன்றாவது கோடையில், ஒரு வளைவைச் சரிசெய்ய விரலால் பிடித்தபோது, உறை வற்றிய குளத்தின் மண் வெடிப்பதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து கையோடு வந்தது. உள்ளே நான்கு சோடி வயர்களும் நிறம் மாறாமல் இருந்ததால், மாரிக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த மாரியில், கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, உறை வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மீற்றர் தள்ளி, வீட்டுக்குள் இருந்த ரூட்டரில் செருகிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நுனியில் ஒரு துளி நீர் நின்றது. எட்டுப் பொன்னிறத் தகடுகளில் மூன்று பச்சைக் களிம்பேறியிருந்தன. உறைக்குள் முறுக்கிக் கிடக்கும் வயர்களுக்கு இடையில் உள்ள வெளி ஒரு நுண்குழாய்போல் நீரை இழுத்துக்கொண்டு போகும் என்பதை அதற்கு முன் வாசித்திருந்தேன். ஐந்து மீற்றர் தூரம் அது பயணம் செய்யும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கேபிளை வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். விலை குறைந்த பல கேபிள்களில் உள்ளே இருப்பது முழுச் செம்பு அன்று; அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செப்புப் பூச்சுப் பூசியது. அதன் மின்தடை கூடுதல். ஒரே இடத்தில் சில தடவை வளைத்தாலே முறிந்துவிடும். ஈரம் பட்டால் செம்பைவிட விரைவாக அரித்துப்போகும். முனையில் ஒரு கம்பியை உரித்து, கத்தியின் கூரால் மெதுவாகச் சுரண்டுங்கள். சுரண்டிய இடம் வெள்ளி நிறத்தில் மின்னினால் அது அலுமினியம். கேபிள்களின் தரவரிசையில் ‘கற் 6’ இற்குக் கீழே உள்ள ‘கற் 5ஈ’ என்ற வகையே விநாடிக்கு 1000 மெகாபிற் வேகத்தை 100 மீற்றர் வரை கொண்டுபோகும் என்பதால், முழுச் செம்பினாலான ‘கற் 5ஈ’ கேபிளுக்கும் அலுமினியத்தாலான ‘கற் 6’ கேபிளுக்கும் இடையில் தெரிவு செய்ய நேர்ந்தால் தயங்காமல் முன்னையதை எடுங்கள்.

இனிக் கேபிள் செல்லும் பாதை. நமது வன்னி 9 பாகை வட அகலக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது. ஆகையால் சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமது தலைக்கு வடக்கே நிற்கும். எஞ்சிய மாதங்களில் தெற்கே நிற்கும். வடக்குச் சுவரில் வெயில் விழாது என்று சொல்லும் நூல்கள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல. நான்கு சுவர்களிலும் ஏதோ ஒரு காலத்தில் வெயில் விழும். பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவரே அதிகம் காயும். வாடைக் காற்றோடு வரும் மாரிமழை வடக்கு, கிழக்குச் சுவர்களில் சாய்வாக அடிக்கும். இவை இரண்டையும் எண்ணிப் பார்த்தால், எந்தச் சுவராக இருந்தாலும் தாழ்வாரத்துக்குக் கீழே, கூரை மரத்தை ஒட்டினாற்போல் கேபிளைக் கொண்டுபோவதே சிறந்தது என்பது விளங்கும். அங்கே நண்பகல் வெயிலும் படாது, நேரடி மழையும் படாது. ஆனால் தகரத்தைத் தொட்டுக்கொண்டு கேபிள் ஓடக் கூடாது. தகரத்தின் சூடு அதற்கு ஆகாது, அதன் விளிம்பு உறையை அறுத்தும்விடும். நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

சுவரில் பிடிக்கும் கிளிப்புகளை ஓரடிக்கு ஒன்றாக அடியுங்கள். ஆணி கேபிளை நசுக்குமளவுக்கு இறுக்க வேண்டாம். கிளிப்புக்குள் கேபிளை விரலால் நகர்த்த முடிய வேண்டும். உள்ளே ஒவ்வொரு சோடியும் குறிப்பிட்ட அளவில் முறுக்கப்பட்டிருப்பது, வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவாக விழுந்து, மறுமுனையில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதற்காகத்தான். நசுங்கிய இடத்தில் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். மூலைகளில் செங்கோணமாக மடிக்காமல், கேபிளின் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையாத ஆரையில், அதாவது கிட்டத்தட்ட ஓர் அங்குல ஆரையில், வளைத்துத் திருப்புங்கள். கை எட்டும் உயரத்தில் ஓடும் பகுதிக்கு மட்டும் முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் போட்டால் போதும். அந்தக் குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் சிறு துளை ஒன்று இடுங்கள். உள்ளே வியர்த்துச் சேரும் நீர் அதனூடாக வடிந்துவிடும்.

வெளிச்சுவரில் ஓடும் கேபிளின் ஆயுளை முடிவு செய்வது, எனது அனுபவத்தில், அது சுவருக்குள் நுழையும் துளைதான். அங்கே பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுமாறு அந்தத் தம்பியைக் கேளுங்கள். டிரில்லை அறைக்குள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்துத் துளையிட வேண்டும். அப்போதுதான் துளைக்குள் வரும் நீர் தானாக வெளியே வழியும். பிளக் பொருத்தாத கேபிளுக்கு 8 அல்லது 10 மில்லிமீற்றர் துளை போதும். பிளக்கோடு நுழைக்க வேண்டும் என்று பெருந்துளை இட்டால் மழையும் எறும்பும் பல்லியும் அதனூடாக உள்ளே வரும். மேலிருந்து இறங்கி வரும் கேபிளை நேரே துளைக்குள் விடாமல், துளைக்குக் கீழே ஆறு அங்குலம் தாழ இறக்கி, அங்கிருந்து ‘ப’ வடிவில் வளைத்து, மேலேற்றித் துளைக்குள் செலுத்துங்கள். உறையின் மேல் ஓடி வரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். மேடேறித் துளைக்குள் போகாது. எல்லாம் முடிந்து, கேபிள் வேலை செய்வதையும் பார்த்த பிறகு, வெளிப்பக்கத் துளையைச் சுற்றிச் சிலிக்கோன் பூசி அடையுங்கள். சீமெந்துச் சாந்து வைத்து அடைத்தால் பின்னொரு நாள் கேபிளை மாற்றும்போது சுவரை உடைக்க நேரும்.

உள்ளே வந்த கேபிளைச் சுவரில் பொருத்தும் ஒரு சொக்கெற்றில் முடித்துவிட்டு, அங்கிருந்து கணினிக்குச் சிறிய வயரைச் செருகுவதே முறை. வெளிப்புறக் கேபிளின் கம்பி விறைப்பானது. தினமும் அசைக்கப்படும் பிளக்கில் அதை நேரே பொருத்தினால் முறிந்துவிடும். இரு முனைகளிலும் ஒரே நிற வரிசை இருக்கட்டும்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முனையில் சோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். பிற்காலத்தில் ஒரு மழைக்குப் பிறகு இணையம் நிற்காமலே வேகம் குறைந்ததாக மகள் சொன்னால், கணினி எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1000 மெகாபிற் இணைப்புக்கு நான்கு சோடிகளும் வேண்டும். 100 மெகாபிற்றுக்கு இரண்டு சோடிகளே போதும். ஆகவே 1000 இல் இருந்தது 100 ஆக இறங்கியிருந்தால், எங்கோ ஒரு சோடியை ஈரமோ முறிவோ பிடித்துவிட்டது என்று கொண்டு, முதலில் இரு முனைகளையும், அடுத்து அந்தத் துளையையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வளவின் முன்பக்கத்தில் வீடும், பின் எல்லையில் அரைக்கும் ஆலையும் இருக்கின்றன. இடைத்தூரம் சுமார் 70 மீற்றர். ஆலையில் கணக்குப் பார்க்கும் கணினிக்கு வீட்டு இணையத்தைக் கொண்டுபோக வேண்டும். வெளிப்புறக் கேபிளையே தென்னை மரங்களில் கட்டி இழுக்கலாமா?

— வாசகர் ஒருவர், மல்லாவி

பதில்: நூறு மீற்றருக்கு உட்பட்ட தூரம் என்பதால் இணையம் போகும். ஆனாலும் இதைச் செய்ய வேண்டாம் என்று உங்களை வற்புறுத்திக் கேட்கிறேன். ஒரே வீட்டின் சுவரில் ஓடும் செப்புக் கேபிள் வேறு, இரண்டு கட்டடங்களை இணைக்கும் செப்புக் கேபிள் வேறு.

நமது பகுதியில் இடிமின்னல் மிகுந்த காலங்கள் இரண்டு: பங்குனி, சித்திரை ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மற்றொன்று. இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களில் பிற்பகலில் திரளும் முகில் பெரும்பாலும் மாலைக்குள் இடியோடு இறங்கிவிடும். மின்னல் உங்கள் கேபிளைத் தொட வேண்டும் என்பதில்லை. வளவின் மூலையில் நிற்கும் பனையில் விழுந்தாலும், பல்லாயிரம் அம்பியர் மின்னோட்டம் ஒரு நொடியின் மிகச் சிறு கூறில் நிலத்துக்குள் பாயும்போது, அருகில் 70 மீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் செப்புக் கம்பியில் தானாகவே பெரும் மின்னழுத்தம் தூண்டப்படும். அதோடு வீட்டின் ஏர்த் கம்பி நிற்கும் நிலமும் ஆலையின் ஏர்த் கம்பி நிற்கும் நிலமும் அந்தக் கணத்தில் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வேறுபாடு முழுவதும் இரண்டையும் இணைக்கும் உங்கள் கேபிளின் இரு முனைகளுக்கும் இடையில் வந்து நிற்கும். ரூட்டரின் செருகுவாய்க்குள் இருக்கும் சிறு மின்மாற்றி 1500 வோல்ற் அளவு வரை தாங்குமாறு செய்யப்பட்டது. மின்னல் காலத்தில் வருவது அதைப் போல் பல மடங்கு.

எனக்குத் தெரிந்த ஒரு தனியார் கல்வி நிலையத்தில் இரண்டு கொட்டகைகளுக்கு இடையே இவ்வாறு செப்புக் கேபிள் இழுத்திருந்தார்கள். ஓர் ஐப்பசி மாலை, மின் பிளக்குகள் எல்லாவற்றையும் கவனமாகக் கழற்றிவிட்டே வீட்டுக்குப் போனார்கள். நெற்வேர்க் கேபிளை மட்டும் எவரும் கழற்றவில்லை. மறுநாள் காலையில் கேபிள் செருகியிருந்த ஆறு கணினிகளில் நான்கு எழும்பவில்லை. ஒன்றின் செருகுவாயைத் திறந்து காட்டினார்கள். உள்ளே பச்சைப் பலகையில் தீக்குச்சித் தலை அளவுக்குக் கரி படிந்த பொட்டு ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கொடுத்த பணத்தில் வாங்கிய கணினிகள் அவை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒளியிழைக் கேபிள். மயிரிழை போன்ற கண்ணாடியினூடாக ஒளி செல்வதால், மின்னலோ ஏர்த் வேறுபாடோ அதன் வழியே வருவதற்கு இடமில்லை. இரு முனைகளிலும் ஒளியைச் செப்புக் கேபிளின் மின் சமிக்ஞையாக மாற்றித் தரும் ‘மீடியா கொன்வேர்ட்டர்’ என்ற சிறு பெட்டிகள் ஒரு சோடி தேவைப்படும். முனைகளில் கனெக்டர் பொருத்திய ஒளியிழைக் கேபிளை அளந்து ஆயத்தமாக வாங்கலாம். வீடுகளுக்கு ஒளியிழை இணைப்புக் கொடுக்கும் வேலை செய்யும் தம்பிமாரிடம் கேட்டால் அளவெடுத்து முனையை ஒட்டியும் தருவார்கள். பச்சை நிறக் கனெக்டரின் முனை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல நிறத்தது அவ்வாறன்று. இரண்டையும் ஒன்றோடொன்று செருகினால் ஒளி வீணாகும், முனையும் பழுதாகும். பெட்டியில் உள்ள நிறத்தைப் பார்த்தே கேபிளை வாங்குங்கள்.

பலரும் தவறவிடுவது ஒன்றுண்டு. வானத்தில் கட்டி இழுக்கும் ஒளியிழைக் கேபிளோடு பாரம் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியே கொக்கியில் கட்டிவிட்டு, அங்கேயே வெட்டி நிறுத்த வேண்டும். கண்ணாடி இழை மட்டுமே உள்ளே வர வேண்டும். இரும்பையும் உள்ளே கொண்டுவந்தால் எதைத் தவிர்ப்பதற்காக ஒளியிழை வாங்கினீர்களோ அதுவே மறுபடியும் உள்ளே வரும். உலோகமே இல்லாத வகையும் கிடைக்கிறது. கிடைத்தால் அதையே எடுங்கள்.

தென்னையில் கட்டுவதையும் தவிர்ப்பது நல்லது. சோளகக் காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் கேபிள் இழுபடும்; ஓலையோ குலையோ விழுந்தால் அறுந்துவிடும். நீங்கள் வைத்திருப்பது ஆலை. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும் லொறியும் அந்த வழியாகத்தான் வரும். மூட்டையின் மேல் ஆள் இருந்து வந்தாலும் தலைக்கு மேல் இடைவெளி இருக்குமளவு உயரத்தில், கொங்கிறீற்றுத் தூண் நட்டு இழுங்கள். அல்லது ஓர் அங்குலக் குழாய்க்குள் விட்டு, இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். வண்டி ஓடும் இடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டுவது நல்லது. புதைப்பதானால் முதல் மழை விழுந்து மண் இளகிய கிழமையில் வேலையைத் தொடங்குங்கள். கோடையில் நமது செம்மண் அலவாங்குக்கும் அசையாது. மாரி முற்றினால் தோண்டிய வாய்க்காலில் நீர் நிற்கும். குழாயின் இரு வாய்களையும் சிலிக்கோனால் அடைக்காவிட்டால் கறையான் உள்ளே மண் கட்டிவிடும்.

கேள்வி: படலைக்கு மேல் கமெரா பூட்டப் போகிறோம். அங்கே எரியும் விளக்குக்கு ஏற்கெனவே குழாயில் மின்சார வயர் போயிருக்கிறது. அதே குழாய்க்குள் நெற்வேர்க் கேபிளையும் விட்டுவிட்டால் செலவு மிச்சம் அல்லவா?

— வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: கூடவே கூடாது. மின்சார வயரின் உறை எலி கடித்தோ சூட்டில் உருகியோ திறந்துகொண்டால், 230 வோல்ற் மின்சாரம் நெற்வேர்க் கேபிளில் ஏறி, வீட்டுக்குள் நீங்களும் பிள்ளைகளும் தொடும் ரூட்டருக்கே வந்து சேரும். இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். தனிக் குழாய் போடுங்கள். இரண்டு குழாய்களும் பக்கம் பக்கமாக ஓடும் இடங்களில் ஓரடியாவது இடைவெளி விடுங்கள். ஒன்றை ஒன்று கடக்க நேர்ந்தால் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கச் செய்யுங்கள்.

அதே நேரம், கமெராவுக்கென்று தனி மின் வயர் தேவையில்லாமலும் செய்யலாம். நெற்வேர்க் கேபிளாலேயே மின்சாரத்தை அனுப்பும் முறை 2003 இல் தரப்படுத்தப்பட்டது. ‘பி.ஓ.ஈ.’ என்று கடைகளில் சொல்வார்கள். அந்தத் தரத்தின்படி அனுப்பும் முனையில் 15.4 வாற் வரை கொடுக்கலாம்; வீட்டுக் கமெராக்கள் பெரும்பாலானவற்றுக்கு அது தாராளம். தரத்துக்கு அமைந்த கருவி, மறுமுனையில் இருப்பது மின்சாரம் ஏற்கக் கூடியதுதானா என்று சோதித்தறிந்த பின்பே அனுப்பும். தரம் பாராமல் விற்கப்படும் சில இணைப்புப் பெட்டிகள் கேளாமலே 24 அல்லது 48 வோல்ற்றைத் தள்ளிவிடும்; அவற்றில் மடிக்கணினியைச் செருகினால் பழுதாகலாம். கமெராவின் சிறு வாலோடு கேபிள் இணையும் இடத்தை வெளியே தொங்கவிடாமல், நீர் புகாப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டுங்கள். நான் பார்த்த பழுதான கமெராக்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஓர் இணைப்பில் ஈரம் இறங்கியதால் பழுதானவை. படலைத் தூண் வீட்டிலிருந்து தள்ளி நிற்பதால், முகில் கறுக்கும்போது அந்தக் கேபிளையும் ரூட்டரிலிருந்து கழற்றி வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும். முதல் இடி கேட்ட பிறகு கேபிளில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: அணில் கேபிளைக் கடிக்கிறது, குரங்கு பிடித்து இழுக்கிறது. என்ன செய்யலாம்?

— வாசகி ஒருவர், நெடுங்கேணி

பதில்: அணிலின் பல் ஓயாமல் வளர்வது, அது எதையேனும் கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். மிளகாய்த் தூளும் வேப்பெண்ணெயும் பூசிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மழையோடு அவை கழுவுண்டு போகும். கொய்யா, மா முதலிய மரங்களின் கொப்பு கூரையைத் தொடும் பக்கத்தில் மட்டும் கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள். அணில் ஏறி வரும் வழி பெரும்பாலும் அதுதான். குரங்குக்கோ, பிடித்துத் தொங்குவதற்குத் தளர்வான கயிறுபோல் எதுவும் கிடைக்கக் கூடாது. கிளிப்புகளை அரையடிக்கு ஒன்றாக நெருக்கி அடித்து, கேபிளைச் சுவரோடு ஒட்ட வையுங்கள். நெடுங்கேணியில் ஓட்டுக் கூரையின் மேல் குரங்குகள் ஓடும் வீடுகளை நான் அறிவேன். அங்கே கூரைக்கு மேலாக எதையும் இழுக்க வேண்டாம், தாழ்வாரத்துக்குக் கீழேயே கொண்டுபோங்கள்.